உள்ளத்தின் நாள்வழி

என் தந்தையார் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். இரவு கடை அடைத்த பிறகு கல்லாப்பெட்டியிலுள்ள பணத்தை எண்ணி, நாள்வழிக் குறிப்போடு ஒத்துப் பார்த்து, இருப்புச் சரியாக வந்தாலன்றி அவர் வீடு திரும்புவதில்லை. ஒரு நாள் ஆறு காசு குறைந்தது. உறக்கம் கண்ணைச் சுழற்ற அருகில் அமர்ந்திருந்த நான், "ஆறு காசுதானே அப்பா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே" என்றேன். "இன்று போன காசு எங்கே போயிற்று என்பது இன்றைக்குத்தான் நினைவிருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் மீண்டும் முதல் வரியிலிருந்து கூட்டத் தொடங்கினார்.

கடைக்கு நாள்வழி இருப்பதுபோல் உள்ளத்துக்கும் ஒரு நாள்வழி உண்டா? உண்டு. அதன் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை நீங்கள் அறிவீர்கள். அது பெரும்பாலும் ஊர் நடப்பையும் அரசியல் நடப்பையும் பதிந்து வைத்த ஏடு. நான் சொல்லப் புகுவது வேறு. காட்டுக்குப் போகாமல், துறவு பூணாமல், அன்றாடத் தொழிலுக்கு நடுவிலேயே தம்மைத் தாமே விசாரித்துக்கொண்ட மனிதர்களின் கணக்கு அது.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் செனெக்கா என்ற அறிஞர் வாழ்ந்தார். சினத்தைப் பற்றித் தம் தமையனாருக்கு எழுதிய நூலில் தமது இரவு வழக்கம் ஒன்றை அவர் விவரிக்கிறார். விளக்கை அப்புறப்படுத்திய பின், அவருடைய வழக்கத்தை அறிந்த மனைவியும் பேச்சை நிறுத்திவிடுவார். அந்த அமைதியில் செனெக்கா அன்று முழுவதும் தாம் செய்தவற்றையும் சொன்னவற்றையும் ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்ப்பார். வாதத்தில் அளவுக்கு மீறிக் கடுமையாகப் பேசினோமா, ஒருவரைத் திருத்தப் போய்ப் புண்படுத்தினோமா என்று கேட்டுக்கொள்வார். குற்றம் கண்டால், இனி இவ்வாறு செய்யாதே, இம்முறை மன்னித்தேன் என்று தமக்கே தீர்ப்பும் சொல்லிக்கொள்வார். இப்பழக்கம் தமக்கு முந்திய செக்ஸ்டியஸ் என்ற தத்துவ ஞானியிடம் இருந்ததாக அவரே குறிப்பிடுகிறார்.

கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால் வரலாறு இங்கேயே நம்மை ஒரு கேள்வி கேட்கிறது. இதே செனெக்கா பின்னர் நீரோ மன்னனுக்கு ஆசானாகவும் அமைச்சராகவும் இருந்தார். கி.பி. 59-இல் நீரோ தன் தாயைக் கொல்வித்தான். அக்கொலைக்கு நியாயம் கற்பித்து மன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்ட மடலை எழுதிக் கொடுத்தவர் செனெக்காவே என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். அன்றிரவு விளக்கு அகன்ற பின் அவர் தம்மைத் தாம் என்ன கேட்டுக்கொண்டார்? அறியோம். கி.பி. 65-இல் அந்த நீரோவின் கட்டளைப்படியே அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது.

அடுத்து அராபிய நாட்டினரிடம் செல்வோம். பஸ்ரா நகரில் பிறந்து, பாக்தாதில் வாழ்ந்து, கி.பி. 857-இல் மறைந்த ஞானி ஒருவரை உலகம் முஹாஸிபி என்றே அழைக்கிறது. தன்னைத் தானே கணக்குக் கேட்பவர் என்பது அப்பெயரின் பொருள். கணக்கு எழுதுவோருக்கு வரும் ஒரு நோயை அவர் நுட்பமாகக் கண்டுகொண்டார். நற்செயலைப் பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காகச் செய்யும் பகட்டே அந்நோய். தொழுகையிலும் நோன்பிலும்கூட அது திருடனைப்போல் நுழைந்துவிடும் என்று அவர் விரிவாக எழுதினார். ஆகவே, என்ன செய்தாய் என்று கேட்டால் மட்டும் போதாது. எதற்காகச் செய்தாய் என்றும் கேட்கவேண்டும் என்பது அவர் வழி.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-இல் பிறந்தவர். பிலடெல்பியா நகரில் அச்சகம் நடத்தியவர். இளமையிலேயே, குற்றமற்ற வாழ்வு வாழ்ந்துவிடுவது என்று திட்டமிட்டார். மிதமான உணவு, அளவான பேச்சு, ஒழுங்கு, உழைப்பு, நேர்மை என்று பன்னிரண்டு நற்பண்புகளைப் பட்டியலிட்டார். நண்பர் ஒருவர், "உம்மைச் செருக்குடையவர் என்று பலர் கருதுகிறார்கள்" என்று அன்போடு எடுத்துச் சொல்லவே, பணிவு என்பதைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். சிறு ஏடு ஒன்றில் கட்டங்கள் வரைந்து, வாரத்தின் ஏழு நாட்களையும் மேலே எழுதி, தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு பண்பில் தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டை விழுந்ததாம்! பிறகு, ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினார். ஒழுங்கு என்ற பண்பு மட்டும் கடைசிவரை தமக்கு வசப்படவில்லை என்றும், செருக்கை வென்றுவிட்டதாக நினைத்தால் அந்தப் பணிவைப் பற்றியே செருக்கு வந்துவிடும் என்றும் முதுமையில் நகைச்சுவையோடு ஒப்புக்கொண்டார்.

இத்தனை நேர்த்தியான கணக்கிலும் ஒரு பெருங்குறை இருந்தது. நேர்மைக்கு ஒரு வரிசை வைத்திருந்த அவர், வீட்டில் அடிமைகளையும் வைத்திருந்தார். அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் அவருடைய செய்தித்தாளில் வெளிவந்தன. அதற்குக் கரும்புள்ளி வைக்க அவர் கட்டத்தில் இடமே இல்லை. காலம் மிகச் சென்ற பின்னரே அவர் மனம் மாறியது. 1787-இல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமைமுறைக்கு எதிராக அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பப்பட்ட விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். அதன் பின் இரண்டே மாதங்களில் காலமானார்.

செனெக்காவும் பிராங்க்ளினும் பொய்யர்களா? அல்லர் என்றே நான் கருதுகிறேன். அவர்கள் கணக்கு உண்மையானது. ஆனால் எந்தக் குற்றத்துக்கு நாம் பற்று எழுதவே இல்லையோ, அந்தக் குற்றம் நம் கூட்டலில் வருவதில்லை. இது அவர்களுக்கு மட்டும் உரிய குறையன்று.

நானும் கல்லூரி நாட்களில் ஓராண்டு நாட்குறிப்பு எழுதினேன். எழுந்த நேரம், படித்த நேரம், தியானத்தில் அமர்ந்த நேரம் எல்லாம் அதில் இருந்தன. பல ஆண்டுகள் கழித்து எடுத்துப் புரட்டினேன். எங்கள் விடுதிச் சமையற்கூடத்தில் எச்சில் தட்டுக் கழுவிய சிறுவன் ஒருவனை நாங்கள் நாள்தோறும் ஏவினோம், அதட்டினோம். என் வயதைவிட ஐந்தாறு வயது இளையவன். அவனைப் பற்றி அந்த ஏட்டில் ஒரு சொல்கூட இல்லை. அவன் பெயரையும் நான் கேட்டறிந்ததில்லை. தியானம் தவறிய நாளுக்கு மட்டும் வருத்தம் தெரிவித்திருந்தேன். அன்று அடைந்த வெட்கம் இன்றும் மாறவில்லை.

இக்குறைக்கு மருந்து என்ன? காந்தியடிகளின் வாழ்க்கை ஒரு வழி காட்டுகிறது. 15 வயதில் அவர் தம் தமையனாரின் பொற்காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடினார். மனம் உறுத்தவே, குற்றத்தை ஒரு தாளில் எழுதி, நோயுற்றுக் கிடந்த தந்தையிடம் தாமே கொடுத்தார். தந்தை படித்தார், கண்ணீர் தாளை நனைத்தது, பின்னர் அதைக் கிழித்துவிட்டார். பின்பு 1888 முதல் 1891 வரை இலண்டனில் மாணவராக இருந்தபோது, செலவிட்ட ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி, உறங்கப் போகும் முன் இருப்புப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். 1919-இல், மக்கள் பயிற்சி பெறும் முன்பே சட்டமறுப்புக்கு அழைத்தது தம்முடைய இமாலயத் தவறு என்று பொதுமக்கள் முன்னிலையிலேயே அறிவித்தார். 1930 மார்ச் 12-ஆம் நாள் 78 தொண்டர்களுடன் தண்டிக்குப் புறப்பட்டபோதும், வழிபாடு, நூற்றல், நாட்குறிப்பு எழுதுதல் ஆகிய மூன்றையும் ஒவ்வொருவருக்கும் அன்றாடக் கடமையாக வைத்தார்.

காந்தியடிகள் தவறே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. அவரும் அப்படிச் சொன்னதில்லை. தம் கணக்கைத் தந்தையிடமும், தோழரிடமும், நாட்டு மக்களிடமும் திறந்து காட்டினார் என்பதையே சொல்கிறேன். திறந்து வைத்த ஏட்டில் பிறர் கண்ணும் படும். நமக்குப் புலப்படாதது அவர்களுக்குப் புலப்படும். பிராங்க்ளினுக்குப் பதின்மூன்றாவது பண்பைத் தந்ததும் ஒரு நண்பரின் சொல்தானே!

மாணவ நண்பர்களே, இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. உறங்கும் முன் பத்து நிமிடம் போதும். இன்று என்ன செய்தேன், எதற்காகச் செய்தேன், யாரை நான் கண்டும் காணாமல் இருந்தேன் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். இறைவனை நம்புகிறவர்கள் அவன் முன்னிலையில் கேளுங்கள். மற்றவர்கள் மனச்சான்றின் முன் கேளுங்கள். தவறு கண்டால் உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், அத்தவறு யாரைத் தாக்கியதோ அவரிடம் மறுநாள் போய்ச் சொல்லுங்கள்.

அன்று குறைந்த ஆறு காசின் கதையை முடிக்கவில்லையே. தந்தையார் மூன்று முறை கூட்டினார்; விடை மாறவில்லை. கடைசியில் நாள்வழியை என் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்கச் சொன்னார். ஒரு வரியில் அவர் ஏழு என்று எழுதியிருந்ததை ஒன்று என்றே மூன்று முறையும் படித்திருக்கிறார். "நம் கையெழுத்தை நாமே படித்தால் இப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டே அவர் விளக்கை அணைத்தார்.