விசைப்பலகையில் ஓர் ‘அ’

தொண்ணூறுகளில் புலம்பெயர் சஞ்சிகைகள் பலவும் பாமினி எழுத்துருவில், பழைய தட்டச்சுப்பொறியின் ஒழுங்கிலேயே அடிக்கப்பட்டன. ‘கொ’வுக்குக் கொம்பு, ககரம், அரவு என மூன்று விசைகள். பழகியவருக்கு ஒவ்வொரு கீறும் கைக்குள். பழகாதவர் தன் கட்டுரையைக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். ஆங்கில ஒலிப்பில் அடிக்கும் முறை அவருக்கும் கதவைத் திறந்தது. ஆனால் தமிழுக்குப் போக ஆங்கிலத்தைக் கடக்கவேண்டியிருந்தது.

1999 பெப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 விசைப்பலகை வேறு வழி கண்டது. 12 உயிர்களும் இடப்பக்கம். மெய்களில் பெரும்பாலானவை வலப்பக்கம். அ, ம, ம, ஆ என்று அடித்தால் ‘அம்மா’. புள்ளியைக் கணனியே இடும். இந்த உதவியே ‘தத்தை’யில் உபத்திரவமாகும்: முதல் தகரத்தில் புள்ளி விழுந்துவிடும். அதற்கும் வழி வைத்தார்கள். முதல் தகரத்துக்குப் பின் ‘அ’வை அழுத்தினால் புள்ளி விழாது.

தட்டச்சு தெரிந்த ஒருவரின் ஓய்வுநேரத்தை நம்பியே நம்மிடையே சஞ்சிகைகள் வந்தன. இன்னொருவரையும் எழுதவிடும் கருவி நமக்கு வேண்டும். முன்னவரின் கையிலிருந்த அதிகாரத்தை அது பறிக்கவும் கூடாது. அந்த ஓர் ‘அ’வின் பெறுமதி அதுதான்.