டெற்போட் தோட்டம்: பாலர் கல்வியில் வெளி விளையாட்டின் வரலாறு

பாலர் பாடசாலையில் வெளி விளையாட்டு என்பது பாடங்களுக்கிடையே அளிக்கப்படும் ஓய்வு என்றே பலராலும் கருதப்படுகின்றது. பாலர் கல்வியின் வரலாற்றை நோக்குமிடத்து இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும்.

ஜேர்மனியரான புறோபல் 1837 இல் பிளாங்கன்பேக் என்னுமூரில் சிறுவர் நிலையமொன்றை நிறுவினார். 1840 இல் அதற்கு அவர் இட்ட கிண்டர்கார்டன் என்னும் பெயர் ‘குழந்தைகளின் தோட்டம்’ எனப் பொருள்படும். இது வெறும் உருவகமன்று. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்தி வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரது பாடசாலைகளைப் பிரசிய அரசு 1851 இல் தடைசெய்தது. 1860 இலேயே தடை நீங்கியது.

இங்கிலாந்தின் நிலை வேறாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று வயதுக் குழந்தைகளும் ஆரம்பப் பாடசாலைகளிற் சேர்க்கப்பட்டு, வாங்குகளில் அசையாதிருந்து பாடம் ஒப்புவித்தனர். பெண் பரிசோதகர்கள் 1905 இல் வெளியிட்ட அறிக்கை இம்முறையைக் கண்டித்தது. ஆயின் அதன்பின் நிகழ்ந்தது யாது? ஐந்து வயதுக்குட்பட்டோரைச் சேர்க்க மறுக்கும் உரிமை உள்ளூர் அதிகாரசபைகளுக்கு வழங்கப்பட்டது. வகுப்பறையினின்று நீங்கிய ஏழைக் குழந்தைகளுக்குத் தோட்டம் கிடைக்கவில்லை, தெருவே எஞ்சியது.

இக்குறையை நிரப்ப முன்வந்தோர் றேச்சல், மார்கரட் என்னும் மக்மிலன் சகோதரியராவர். 1894 இல் பிராட்போட் பாடசாலைச் சபைக்குத் தெரிவான மார்கரட், 1910 இல் தமக்கையாருடன் இலண்டனின் வறிய பகுதியான டெற்போட்டில் சிறுவர் சிகிச்சை நிலையமொன்றைத் தொடங்கினார். குணமடைந்து சென்ற பிள்ளைகள் அதே நோயுடன் மீண்டும் வந்தனர். நெருக்கமும் அழுக்கும் நிறைந்த சூழலை மாற்றாது மருந்து மாத்திரம் பயன்தராது என்பதை உணர்ந்த சகோதரியர், 1911 இல் திறந்தவெளி இரவு முகாமையும், 1914 இல் திறந்தவெளிப் பாலர் பாடசாலையையும் அமைத்தனர்.

அங்கே தோட்டமே பாடசாலை. கட்டடம் ஒதுங்குமிடம் மாத்திரமே. மரங்கள், மூலிகைப் பாத்திகள், காய்கறித் தோட்டம், மணற்குழி ஆகியவற்றிடையே ஓடியும் ஏறியும் தோண்டியும் பிள்ளைகள் தம் உடலை ஆளப் பழகினர். நிறம், மணம், பரிசம் ஆகியவற்றைப் பொருள்களிடமிருந்தே அறிந்தனர். குளிப்பும் உணவும் உறக்கமும் கல்வியின் கூறுகளாயின.

அக்காலத்து ஏழைக் குழந்தைகளிடையே, என்புகள் மென்மையுற்று வளையும் றிக்கற்சு நோய் மலிந்திருந்தது. புறவூதாக் கதிரால் இந்நோய் குணமாகும் என்பதை ஹுல்ட்சின்ஸ்கி 1919 இல் எடுத்துக்காட்டினார். விற்றமின் டி 1922 இல் இனங்காணப்பட்டது. விஞ்ஞானம் காரணத்தை விளக்குமுன்னரே டெற்போட் பிள்ளைகள் வெயிலில் விளையாடத் தொடங்கிவிட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

றேச்சல் 1917 இல் மறைந்தார். அடுத்த ஆண்டில் நிறைவேறிய கல்விச் சட்டம் பாலர் பாடசாலைகளை அமைக்க உள்ளூர் அதிகாரசபைகளுக்கு அதிகாரமளித்தது. ஆனால் அதனைக் கடமையாக்கவில்லை. பின்வந்த செலவுக் குறைப்பு அவ்வளர்ச்சியைத் தடுத்தது. மார்கரட் 1931 இல் மறையும்வரை இதற்காக வாதாடினார்.

வீட்டில் முற்றமுடைய குழந்தைக்கு விளையாட்டுவெளி இயல்பாகவே வாய்க்கும். முற்றமற்ற குழந்தைக்கு அதனைப் பொதுநிறுவனமே வழங்குதல் வேண்டும். ஆகவே, தோட்டமின்றி ஓரறைக்குள் நடத்தப்படும் பாலர் பாடசாலை, அது எந்நாட்டில் இருப்பினும், எக்குழந்தைக்காகத் தோற்றுவிக்கப்பட்டதோ அக்குழந்தையையே கைவிடுகின்றது எனலாம்.