இணை உருவாக்கம்

காமாக் கதிரின் ஃபோட்டான் மறைந்து, அதன் ஆற்றல் எலக்ட்ரானும் அதன் நேர்மின் எதிர்த்துகளான பாசிட்ரானுமாக மாறும் நிகழ்வு. ஆற்றல் பொருளாவதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு இது. எலக்ட்ரானின் நிறைக்கு ஈடான ஆற்றல் 0.511 மெகா எலக்ட்ரான்வோல்ட். சம நிறையுள்ள இரு துகள்கள் பிறக்க வேண்டியிருப்பதால், ஃபோட்டானுக்குக் குறைந்தது 1.022 மெகா எலக்ட்ரான்வோல்ட் தேவை. வெற்றிடத்தில் தனித்துச் செல்லும் ஃபோட்டான் இவ்வாறு மாறாது. உந்தத்தில் ஒரு பங்கை ஏற்க அருகில் அணுக்கரு போன்ற ஒன்று இருக்க வேண்டும்.

வரலாறு: நிறையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்று 1905இல் ஐன்ஸ்டைன் காட்டினார். 1931இல் இயற்பியலர் டிராக், எலக்ட்ரானுக்கு நேர்மின் இணை ஒன்று இருக்கக்கூடும் என்றார்.

1930இல் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில், ஈயம் காமாக் கதிர்களைக் கணக்குக்கு மேல் உறிஞ்சுவதைச் சீன இயற்பியலர் சாவோ கண்டார். காரணம் இணை உருவாக்கம் என்பது பின்னரே விளங்கியது. அதே நிறுவனத்தில் 1932 ஆகஸ்ட் 2 அன்று, துகள்களின் தடத்தைக் காட்டும் கார்ல் ஆண்டர்சனின் முகிற்கலத்தில் ஒரு தடம் பதிவாயிற்று. மேலேறும் நேர்மின் துகளும் கீழிறங்கும் எலக்ட்ரானும் காந்தப்புலத்தில் ஒரே பக்கம் வளையும். படத்தில் வேறுபாடு தெரியாது. கலத்தின் குறுக்கே வைத்த 6 மில்லிமீட்டர் ஈயத் தகடு அந்த ஐயத்தைத் தீர்த்தது. தகட்டுக்குக் கீழே 63 மெகா எலக்ட்ரான்வோல்ட் இருந்த துகள், மேலே 23 ஆகத் தளர்ந்து, கூடுதலாக வளைந்திருந்தது. ஆகவே அது மேலேறியது, நேர்மின் கொண்டது: அதுவே பாசிட்ரான்.

கேம்பிரிட்ஜில் பிளாக்கெட்டும் ஒக்கியாலினியும் முகிற்கலத்தின் மேலும் கீழும் கைகர் எண்ணிகளை வைத்தனர். எண்ணிகள் ஒருசேரத் துடித்தால் மட்டுமே கலம் இயங்கும். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர் தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது என்றே சொல்லலாம். 1933இல், படங்களில் கண்ட துகள்கள் இணையிணையாகப் பிறக்கின்றன என்று விளக்கி, அதை டிராக்கின் கொள்கையோடு பொருத்தினர்.

லெனின்கிராடின் இயற்பியலர் ஸ்கோபெல்ட்சின் பாசிட்ரான் தடங்களை ஆண்டர்சனுக்கு முன்பே கண்டிருக்கலாம் என்பர் சிலர். இதில் ஒத்த கருத்தில்லை. சாவோவுக்கு உரிய சிறப்புக் கிடைக்கவில்லை என்ற கருத்தும் உண்டு.

இரு ஃபோட்டான்கள் மோதியும் இணை பிறக்கலாம் என்று பிரைட்டும் வீலரும் 1934இல் கணித்தனர். அண்டக்கதிர்ப் பொழிவுகளை இணை உருவாக்கம் அடங்கிய தொடர் நிகழ்வாக ஹோமி பாபாவும் ஹைட்லரும் 1937இல் விளக்கினர். எலக்ட்ரானுக்குப் பாசிட்ரான் போல, புரோட்டானுக்கு எதிர்த்துகளான எதிர்ப்புரோட்டான் 1955இல் பெர்க்லியில் உருவாக்கப்பட்டது.

பிரைட்–வீலர் நிகழ்வைக் கண்டதாக 2021இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் அறிவித்தது. மோதியவை மெய்யான ஃபோட்டான்களே எனலாமா என்பது விவாதத்துக்குரியது.

மருத்துவமனைகளின் பெட் ஸ்கேன் இணை உருவாக்கத்தின் மறுதலையைப் பயன்படுத்துகிறது: பாசிட்ரானும் எலக்ட்ரானும் சேர்ந்து அழிந்து, காமாக் கதிர்களாகின்றன.