அயனித் தடம்

ஒளி வேகத்தில் சில விழுக்காட்டுக்கு மேல் பாயும் செனான், தங்கம், யுரேனியம் போன்ற கன அயனி ஒன்று திண்மப் பொருளைத் துளைத்துச் செல்லும்போது, அதன் பாதை நெடுக விட்டுச்செல்லும் நேரான, மெல்லிய சேதம் அயனித் தடம் எனப்படும். குறுக்களவு 10 நானோமீட்டரை ஒட்டியது. நீளமோ அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேலும் போகும்.

அயனி அணுக்களை நேரடியாக மோதித் தள்ளுவதே இதற்குக் காரணம் என்று தோன்றலாம். மெதுவான அயனிகளுக்கு அது பொருந்தும். விரைவு அயனி அணுக்கருவில் மோதுவது அரிது. அதன் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் வழியிலுள்ள எலக்ட்ரான்களுக்கே போகிறது. ஒவ்வொரு நானோமீட்டருக்கும் பல ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் கொட்டப்படுகிறது. அணுக்களைப் பிணைத்து வைத்திருப்பதோ சில எலக்ட்ரான் வோல்ட்தான்.

எலக்ட்ரான் பெற்ற ஆற்றல் அணுக்களை எப்படி நகர்த்துகிறது என்பதே இத்துறையின் பழைய வழக்கு. எலக்ட்ரான்களை இழந்து நேர்மின் ஏற்ற அணுக்கள் ஒன்றையொன்று விலக்கித் தெறிக்கின்றன என்றது 1960களில் ஃபிளைஷர், பிரைஸ், வாக்கர் மூவரும் முன்வைத்த விளக்கம். சூடேறிய எலக்ட்ரான்கள் ஒரு பிக்கோ நொடிக்குள் அணுக்களையும் சூடாக்க, பாதையைச் சுற்றிய மெல்லிய உருளை உருகி, படிகமாகத் திரும்ப அவகாசமின்றி உறைகிறது என்பது வெப்ப விளக்கம். இன்று கணக்கீடுகளுக்குப் பெரிதும் கைகொடுப்பது இரண்டாவதே; ஆயினும் முதலாவதை யாரும் முற்றாகக் கைவிடவில்லை.

எலக்ட்ரான்கள் ஆற்றலைச் சுமந்துகொண்டு எளிதில் விலகிவிடும் பொருளில் தடம் விழுவதில்லை. செம்பு, வெள்ளி, தங்கம் தப்புகின்றன. டைட்டானியம், பிஸ்மத் உலோகங்களாக இருந்தும் தப்புவதில்லை. படிக சிலிக்கனில் தனி அயனியால் ஆகாததை, 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த ஃபுல்லரீன் அயனி செய்துவிடும். வேகம் கூடினால் சேதமும் கூடும் என்பதும் சரியல்ல. ஒரு நானோமீட்டரில் இழக்கும் ஆற்றல் சமமாக இருந்தால், மெதுவான அயனியே பெரிய தடம் இடும். வேகமான அயனி உதைத்தெறியும் எலக்ட்ரான்கள் தொலைவு வரை ஓடி, ஆற்றலைப் பரப்பிவிடுவதே காரணம்.

தடத்தின் முதல் சான்று இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் கிடைத்தது. யுரேனியப் பிளவுத் துண்டுகள் தாக்கிய லித்தியம் ஃபுளோரைடை அமிலக் கரைசலில் அரித்து, குழிகளை 1958இல் காட்டினார் யங். மறு ஆண்டு சில்க், பார்ன்ஸ் இருவரும் மைக்காவில் தடங்களை எலக்ட்ரான் நுண்நோக்கியால் நேரில் கண்டனர். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட், பிரான்சின் கான், புது டெல்லி ஆகிய நகரங்களின் முடுக்கிகளில் இவ்வாய்வு பின்னர் வளர்ந்தது.

சேதமடைந்த பகுதி மற்றப் பகுதியைவிட விரைவில் அரிபடும். பாலிகார்பனேட் தாளில் அயனிகளைப் பாய்ச்சி, சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் ஒரே அளவுத் துளைகளுள்ள வடிகட்டி கிடைக்கும். நிலவியலுக்கோ தடம் ஒரு கடிகாரம். அப்பட்டைட், சிர்க்கான் கனிமங்களில் யுரேனியம்-238 தானாகப் பிளந்து இட்ட தடங்களையும் எஞ்சிய யுரேனியத்தையும் அளந்து வயதைக் கணிக்கிறார்கள். அப்பட்டைட்டில் சுமார் 60 பாகை செல்சியசில் தடங்கள் சுருங்கத் தொடங்கி, 120 பாகையில் மறைந்துவிடும் என்பதால், அங்கே கிடைப்பது பெரும்பாலும் கனிமம் உருவான காலமன்று, பாறை குளிர்ந்த காலமே.