உலாவியில் அடைபட்ட எழுத்து

1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னையில் பொதுமக்களுக்கு இணைய சேவை தொடங்கி, பின்வந்த ஆண்டுகளில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பிரௌசிங் சென்டர்கள் பெருகிய காலத்தில், அங்கே அமர்ந்து தமிழ்ப் பத்திரிகையொன்றைப் படிக்க விரும்பியவருக்கு, அதற்குரிய எழுத்துரு அந்தக் கணினியில் இருந்தால் தமிழும், இல்லையேல் பொருளற்ற ரோமானியக் குறிகளுமே காட்சியளித்தன. 256 இடங்களே கொண்ட அட்டவணையில், அந்நிய எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தி, அவரவர் தத்தமக்கெனத் தனி முறையை வகுத்துக்கொண்டதே இதன் காரணம்.

இச்சிரமத்துக்குப் பரிகாரமாக, பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்து சேரும் உபாயத்தை 1997-இல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4-உம் நெட்ஸ்கேப் 4-உம் அளித்தன. ஆயினும் முன்னதன் கோப்பு பின்னதற்கு விளங்காது. 2000-இல் வந்த நெட்ஸ்கேப் 6 அந்த உபாயத்தையே கைவிட்டது. எக்ஸ்ப்ளோரரின் முறையை மட்டும் நம்பிய பக்கங்கள், பிற்காலத்து உலாவிகளில் மீண்டும் குறிக்குவியலாயின.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு அத்தனி முறைகளுக்கு மாற்றாக டாம், டாப் என்னும் பொதுக் குறியேற்றங்களுக்கு வழிவகுத்தது. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் வெளியிடும் மதுரைத் திட்டத்தின் நூல்களோ திஸ்கி என்னும் வேறொரு குறியேற்றத்தில் வெளிவந்துகொண்டிருந்தன. 2010 ஜூனில்தான் தமிழக அரசு, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடைத் தன் நியமமாக ஏற்றது.

பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றுவது வெறும் இடமாற்றமன்று. 'கொ' என்பதைப் பழைய முறை கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டாக வைத்தது; யூனிகோடோ ககரத்தை முதலில் வைத்து, ஒகரக் குறியைப் பின்னே சேர்க்கிறது. ஆகவே மாற்றும் நிரலுக்கும் தமிழ் எழுத்திலக்கணம் தெரிந்திருத்தல் அவசியம்.

பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையர் பெயரால் விளங்கும் நூல்நிலையத்தின் ஓலைச்சுவடிகளை நினைக்குங்கால், இது நமக்குப் புதிய பணியன்று என்பது புலனாகும். புள்ளியும், குறில் நெடில் பேதமும், காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமையும் இல்லாத ஏட்டில், அதே மூன்று வடிவங்கள் கொ, கோ, கெர, கேர என எவ்வாறும் நிற்கக்கூடும். எது என்று நிர்ணயித்தது பதிப்பாசிரியரின் கல்வி. ஓலை செல்லரித்துப் போயினும் பிரதி செய்தவர்களால் நூல் பிழைத்தது. உலாவி மறைந்தாலும், எந்த எண் எந்த எழுத்தைக் குறித்தது என்னும் அட்டவணை கைவசம் இருக்கும்வரை, பக்கம் அழிவதில்லை. ஆதலின் அப்பக்கங்களைக் காக்கும் அதே சிரத்தையோடு, அவற்றைத் திறக்கும் அவ்வட்டவணைகளையும் நாம் காத்தல் கடமையாகும்.