பறை: அடிக்க மாட்டோம்னு சொன்னவங்க, அடிப்போம்னு சொன்னவங்க

கொடைக்கானல்னு சொன்னதும் நமக்கு ஏரி, பைன் காடு, ஹோம்மேட் சாக்லேட்தான் ஞாபகம் வரும். இந்த எபிசோட்ல அந்த மலையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கப் போறோம். கொடையில இருந்து வத்தலக்குண்டு வழியா சுமார் 95 கிலோமீட்டர் வந்தா திண்டுக்கல். 1985-ல் மதுரையில இருந்து பிரிஞ்ச மாவட்டத்தோட தலைநகர். பழனி, கொடைக்கானல் ரெண்டுமே இந்த மாவட்டம்தான். வெளியூர்க்காரங்களுக்கு திண்டுக்கல்னா பூட்டும் பிரியாணியும். ஊர்க்காரங்களுக்கு அது தோல் பதனிடுற ஷாப்புகளும் நூல் மில்லுகளும் நிறைஞ்ச ஊர். இந்தக் கதைக்கு அந்தத் தோலும் வேணும், மில்லும் வேணும்.

1990-ல் இங்க ஒரு பயிற்சி மையம் ஆரம்பிச்சாங்க. பேர் சக்தி. ஆரம்பிச்சவங்க சிஸ்டர் சந்திரா, சிஸ்டர் ஃபெல்சி என்ற ரெண்டு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள். ஏழைக் குடும்பங்கள்ல, குறிப்பா தலித் குடும்பங்கள்ல, பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட இளம் பெண்களை வரவழைச்சு, தங்க வச்சு, கலை கத்துக்கொடுக்கிற இடம். ஒயிலாட்டம், கும்மி மாதிரி நாட்டுப்புற ஆட்டங்கள் உண்டு. கூடவே தையல் மாதிரி கைத்தொழில். ஆனா மையத்தோட நடுவுல இருக்கிறது பறை.

இதுல என்ன பெரிய விஷயம்னு நகரத்துல வளர்ந்தவங்க கேக்கலாம். நம்ம ஐடி பார்க் பொங்கல் விழாவுலயே பறையடிச்சு வரவேற்கிறாங்களே! அதனாலதான் கொஞ்சம் பின்னாடி போகணும்.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவையோட பறையையும் சேர்த்தே சொல்லுது. மலை நிலமான குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, கடற்கரைக்கு மீன்கோட் பறைன்னு பிற்கால இலக்கண நூல்கள் பட்டியலே போடுது. அதாவது பறை இல்லாத நிலமே அந்தக் கற்பனையில கிடையாது. 'பறை' என்ற சொல்லுக்கே 'சொல்'னு ஒரு அர்த்தம் இருக்கு. மலையாளத்துல 'பறயுக'ன்னா இன்னைக்கும் பேசுறதுதான்.

இதையெல்லாம் மேடையில பெருமையாச் சொல்லலாம். ஆனா இடையில என்ன நடந்துச்சுன்னு சொல்லாம விட்டா அது பாதிக் கதை. பறையடிக்கிறது ஒரு சாதியோட கட்டாய வேலையா ஆச்சு. ஊர்ல சாவு விழுந்தா வந்து அடிக்கணும், கோயில் கொடைக்கு அடிக்கணும், ஊர்ச் செய்தியைத் தெருத் தெருவா அடிச்சுச் சொல்லணும். மாட்டேன்னு சொல்ல உரிமை கிடையாது. கூலின்னு கிடைக்கிறது பல இடத்துல கொஞ்சம் நெல்லு, சோறு, சாராயம். அந்தச் சாதிப் பேர் கப்பல் ஏறி இங்கிலீஷ்ல 'பரையா' ஆச்சு. இன்னைக்கும் ஒதுக்கி வைக்கப்பட்ட ஆளையோ நாட்டையோ சொல்ல உலகப் பத்திரிகைகள் அந்த வார்த்தையைத்தான் எழுதுது. ஒரு வாத்தியத்தோட பேர்ல இருந்து உலகம் முழுக்கப் போன அவமானச் சொல் வேற இருக்கான்னு எனக்குத் தோணல.

அதனால விடுதலையோட முதல் குரல் பல ஊர்ல 'இனிமே அடிக்க மாட்டோம்' என்பதாத்தான் இருந்துச்சு. 19-ஆம் நூற்றாண்டுல கிறிஸ்தவத்துக்கு மாறினவங்க கோயில் திருவிழாவுக்குப் பறையடிக்க மறுத்து, அதனால ஊரோட மோதல் வந்த சம்பவங்கள் உண்டு. மிஷனரிகளும் பறையை விட்டுடச் சொன்னாங்க. அவங்க பார்வையில அது புறமதச் சடங்கோட சத்தம். கொடைக்கானல் மலையில அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டினது 1845-ல். அவங்க குழந்தைகளுக்காக 1901-ல் ஒரு பள்ளி வந்துச்சு, இன்னைக்கு அது கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். மேல பியானோ, கீழ 'பறையை விடு'. கேக்கிறதுக்குக் கசப்பா இருந்தாலும் ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்: கீழ இருந்த பலருக்கு அந்தப் பறையை விடுறதே ஒரு நிம்மதி.

இங்க ஒரு பழைய சண்டையைச் சொல்லியாகணும். 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். அதுக்கு அவர் வச்ச பேர் 'பறையன்'. எந்தப் பேரைச் சொல்லி இழிவுபடுத்துறாங்களோ அதையே தலைப்புல போட்டார். அயோத்திதாச பண்டிதர் அதை ஏத்துக்கல. அந்தப் பேர் நம்ம மேல ஒட்டப்பட்டது, நாம பூர்வ பௌத்தர்கள் என்பது அவரோட வாதம். பின்னாடி 1907-ல் அவர் தொடங்கின பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்'னு பேர் வச்சார். ரெண்டு பேரும் ஒரே சமூகத்துக்காக உழைச்சவங்க. ஒருத்தர் வார்த்தையைக் கைப்பத்தலாம்னார், இன்னொருத்தர் தூக்கிப் போடலாம்னார். சுமார் நூறு வருஷம் கழிச்சு அதே சண்டை பறையை வச்சுத் திரும்ப வந்துச்சு.

1991 அம்பேத்கர் நூற்றாண்டு. அதை ஒட்டின சில வருஷங்கள்ல தமிழ்நாட்டுல தலித் எழுத்தும் கலையும் வேகமா எழுந்து வந்துச்சு. பாமாவோட 'கருக்கு' 1992. கே.ஏ. குணசேகரன் தன்னானே கலைக்குழுவோட ஊர் ஊராப் பாடிக்கிட்டிருந்தார். மதுரை அரசரடியில இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில தியாபிலஸ் அப்பாவு, எல்லாரும் 'பரட்டை அண்ணன்'னு கூப்பிடுவாங்க, நாட்டுப்புற மெட்டையும் பறையையும் சர்ச் வழிபாட்டுக்கு உள்ளேயே கொண்டு வந்தார். எதை வெளிய விட்டுட்டு வான்னு ஒரு காலத்துல சபை சொல்லுச்சோ, அதே சபையோட கல்லூரியில இது நடந்துச்சு.

ஆனா எதிர்ப்பும் நியாயமானது. நம்ம அப்பாவும் தாத்தாவும் இதைத் தோள்ல மாட்டிக்கிட்டு, குடிச்சாத்தான் அடிக்க முடியும்கிற நிலைமையில பிணத்துக்கு முன்னாடி நடந்தாங்க. படிச்சு மேல வந்த பிள்ளை திரும்ப அதையே எடுக்கணுமா? கலைன்னு பேர் மாத்தினா அடிமைத்தனம் மாறிடுமா? இந்தக் கேள்விக்குச் சும்மா 'நம்ம பாரம்பரியம்'னு பதில் சொல்ல முடியாது.

சக்தி மையம் இதுக்குத் தந்த பதில் பேச்சுல இல்ல, யார் கையில பறையைக் கொடுத்தாங்க என்பதுல இருக்கு. பறை காலகாலமா ஆம்பளைங்க வாத்தியம். சாவு வீட்டுல ஒப்பாரி பொம்பளைங்களுக்கு, பறை ஆம்பளைங்களுக்கு. அதை ஒரு பதினேழு, பதினெட்டு வயசுப் பொண்ணு கையில கொடுத்தா அது பழைய கட்டாய வேலையா இருக்க வாய்ப்பே இல்ல. அந்த வேலையை அவகிட்ட யாரும் எப்பவும் கேட்டதில்லையே! சாதி விதிச்ச கடமையை அறுக்கிறதுக்கு ஆண்–பெண் விதியை உடைச்சிருக்காங்க. ரொம்பக் கெட்டிக்காரத்தனமான வழின்னு நான் நினைக்கிறேன்.

இந்த வாத்தியத்தோட உடம்பையும் கொஞ்சம் பார்க்கணும். வட்டச் சட்டம், பெரும்பாலும் வேப்ப மரம். மூணு வளைவுத் துண்டுகளை இரும்புப் பட்டை வச்சு இணைப்பாங்க. அது மேல மாட்டுத்தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையில ஒட்டுவாங்க. ரெண்டு குச்சி: குட்டையா தடிமனா இருக்கிறது அடிக்குச்சி, நீளமா மெலிசா வளையிறது சிம்புக்குச்சி. அடிக்கிறதுக்கு முன்னாடி நெருப்புல காய்ச்சணும். சூடு பட்டாத் தோல் இறுகும், சத்தம் 'கணீர்'னு ஏறும். கொடை மாதிரி ஈரக் குளிர்ல சீக்கிரம் தளர்ந்துடும், திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டியதுதான்.

இதை உக்காந்து வாசிக்க முடியாது. தோள்ல மாட்டி, நெஞ்சுக்குப் பக்கத்துல பிடிச்சு, காலை அகட்டி நின்னு, அடவு போட்டுக்கிட்டே அடிக்கணும். தெருவுல தலையைக் குனிஞ்சு நடன்னு வீட்டுலயும் ஊர்லயும் சொல்லி வளர்த்த பொண்ணு, கூட்டத்துக்கு நடுவுல நிமிர்ந்து நின்னு, இடத்தை எடுத்துக்கிட்டு, ஊருக்கே கேக்கிற மாதிரி சத்தம் எழுப்பணும். தன்னம்பிக்கைப் பயிற்சின்னு நம்ம ஆபிஸ்ல ஸ்லைடு போட்டுச் சொல்ற விஷயத்தை இங்க தோளும் காலும் கத்துக்குது. அமெரிக்காவுல ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துல இருக்கிற இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் இந்த மையத்தைப் பத்தி 'சக்தி வைப்ரேஷன்ஸ்'னு ஒரு ஆவணப்படம் எடுத்திருக்காங்க. கிடைச்சாப் பாருங்க.

'இலவசம்' என்ற வார்த்தையோட எடை புரியணும்னா மாற்று என்னன்னு தெரியணும். 2000-க்குப் பிறகு கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்லுகள்ல 'சுமங்கலித் திட்டம்'னு ஒண்ணு பரவலா இருந்துச்சு. வயசுக்கு வந்த பொண்ணை மில் ஹாஸ்டல்ல சேர்த்துடணும். மூணு வருஷம் வேலை. முடிவுல கல்யாணத்துக்கு உதவுற மாதிரி மொத்தமா ஒரு தொகை. பாதியில வெளிய வந்தா அந்தத் தொகை போச்சு. பத்தாவதோட படிப்பு நின்ன ஒரு பொண்ணுக்கு இந்தப் பக்கத்துல திறந்திருந்த கதவு அதுதான். அப்படிப்பட்ட வீட்டுல போய் 'உங்க பொண்ணை அனுப்புங்க, பறை கத்துக்கட்டும்'னு கேக்கிறதைக் கற்பனை பண்ணிப் பாருங்க. ஃபீஸ் இல்லன்னு சொன்னா மட்டும் பத்தாது. அந்த மாசங்கள்ல வீட்டுக்கு வராமப் போற சம்பளம் இருக்கே, அதுதான் உண்மையான ஃபீஸ். தங்குமிடம், சாப்பாடு, கைத்தொழில் எல்லாம் கலையோட சேர்ந்தே இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

உலகத்துல இந்த மாதிரி முயற்சிகள் நிறைய. சிகாகோவுல ஜேன் ஆடம்ஸ் 1889-ல் ஆரம்பிச்ச ஹல் ஹவுஸ், புலம்பெயர்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு நடுவுல இருந்துச்சு. ஜாஸ் உலகத்தையே ஆண்ட பென்னி குட்மேன் சின்னப் பையனா அந்த ஹல் ஹவுஸ் பேண்டுல கிளாரினெட் வாசிச்சவர். வெனிசுவேலாவுல 1975-ல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கின 'எல் சிஸ்தெமா' லட்சக்கணக்கான பிள்ளைங்க கையில வயலின் கொடுத்துச்சு. ரெண்டும் பெரிய காரியம். ஆனா ரெண்டுலயும் ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கிறது ஊர் ஏற்கெனவே மதிக்கிற ஒரு கலை. வயலினை யாரும் தீட்டுன்னு சொன்னதில்ல. திண்டுக்கல்ல நடந்தது வேற: உன் வீட்டுப் பரண்ல கிடந்து, நீயே வெளிய சொல்லக் கூச்சப்பட்ட பொருளை எடுத்து, இதுதான் பாடம்னு சொல்றாங்க. இதுக்குப் பக்கத்துல வைக்கக்கூடியதுன்னா, காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல் கிராமத்துல பி. ராஜகோபாலும் ஹன்னே டி பிரூனும் 2002-ல் தொடங்கி 2020 வரை நடத்தின கட்டைக்கூத்து குருகுலம். அங்கயும் ஆம்பளைங்க மட்டும் ஆடின கூத்துக்குள்ள பொண்ணுங்க வந்தாங்க, பள்ளிப் படிப்பும் சேர்ந்தே நடந்துச்சு.

சரி, மையத்துக்கு வெளிய நிலைமை என்ன? 2002 மே மாசம், திருச்சி மாவட்டம் திண்ணியம். அரசு வீடு வாங்கித் தர்றதா வாங்கின லஞ்சப் பணத்தைத் திருப்பித் தரலன்னு ஒருத்தர் தண்டோரா போட்டு ஊருக்கே சொன்னார். ஊர்ச் செய்தி சொல்ல அவரை எதை அடிக்க வச்சாங்களோ அதை வச்சே தன்னோட செய்தியைச் சொன்னார். அதுக்காக அவரை அடிச்சாங்க. அவருக்குத் துணை நின்ன ரெண்டு தலித்துகளைச் சூடு போட்டு, வாயில மலத்தைத் திணிக்க வச்சாங்க. மையம் ஆரம்பிச்சு பன்னிரண்டு வருஷம் ஆன பிறகு நடந்தது இது. ஊர் சொல்றதுக்காக அடிக்கிற வரைக்கும் பிரச்சினை இல்ல. தனக்காக அடிச்சாத்தான் பிரச்சினை.

2022-ல் தமிழக அரசு, தண்டோரா போடுற வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கி வைக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் அனுப்புச்சு. 2025-ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ. மூணு வருஷ இடைவெளியில ஒரு பக்கம் 'இனி யாரும் அடிக்க வேண்டாம்', இன்னொரு பக்கம் 'அடிச்சதுக்கு விருது'. சீனிவாசனும் அயோத்திதாசரும் போட்ட அதே வாதம். என்னைக் கேட்டா ரெண்டுமே சரி.

இப்போ நகரத்துல பறை வகுப்புகள் நிறைய. சென்னையில மணிமாறனும் மகிழினியும் நடத்துற புத்தர் கலைக்குழு மாதிரி, அரசியலோட சேர்த்துச் சொல்லித் தர்றவங்க இருக்காங்க. வீக்கெண்ட் ஃபிட்னஸ் மாதிரி சொல்லித் தர்ற இடமும் இருக்கு. நெருப்புல காய்ச்ச வேண்டாத பிளாஸ்டிக் தோல் போட்ட பறையும் பல இடத்துல வந்துடுச்சு. மழையில தளராது, பிளைட்ல கொண்டு போகலாம், மாட்டுத்தோல் வாசனையும் கிடையாது. வேலைக்கு வசதிதான், கலைஞர்களே பலர் வச்சிருக்காங்க. ஆனா தோல் ஷாப்பு இருக்கிற திண்டுக்கல்ல, அந்தத் தோலைத் தொட்டதுக்காகத் தள்ளி வைக்கப்பட்ட வீட்டுப் பொண்ணு நெருப்புக்குப் பக்கத்துல குந்தி, பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால தட்டிப் பார்த்து, இன்னும் ஏறலன்னு திரும்பவும் நெருப்புக்கிட்ட கொண்டு போறதும் பாடத்துல ஒரு பகுதிதான்.