சுள்ளி, களவு, குப்பை

பழந்தமிழில் குப்பை என்றால் குவியல் என்று பொருள். களத்தில் நெல்லைக் குவித்தாலும் அது குப்பைதான். வேண்டாதது, அழுக்கு என்ற பொருள் பின்னால்தான் அச்சொல்லை முழுதாகப் பிடித்துக்கொண்டது. புறநானூற்றின் 159ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் தம் வீட்டு வறுமையைக் குமணனிடம் சொல்கிறார். அவருடைய மனைவி குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்துவந்து, உப்பில்லாமல், மோரில்லாமல் வேகவைக்கிறாள். ஒரு வீட்டின் உலை குப்பைமேட்டை நம்பி இருந்ததற்கு நம்மிடம் உள்ள பழைய சாட்சியங்களில் இதுவும் ஒன்று. அங்கே போய்க் கொய்து வந்தவள் ஒரு பெண்.

இந்தக் கட்டுரை ஒரு குவியலின் வரலாறு. காய்ந்த சுள்ளி, சருகு, மட்டை, முள், செத்தை ஆகியவை சேர்ந்த குவியல். இன்று தெருமுனையிலும் பள்ளி வளாகத்திலும் ஏரிக்கரையிலும் அதைக் கூட்டிவைத்துக் கொளுத்துகிறார்கள். இரண்டு தலைமுறைக்கு முன்பு அதை யாரும் வீணாகக் கொளுத்தியிருக்க மாட்டார்கள். அது அடுப்புக்குப் போனது.

கிராமத்துப் பெண்களுக்கு விறகைப் பற்றி இருந்த அறிவை எந்தப் பாடநூலும் எழுதி வைக்கவில்லை. பற்றவைக்கப் பன்னாடை, பால் காய்ச்ச மிளாறு, நெல் அவிக்கக் கட்டை, மழைக்காலத்துக்கென்று பரணில் ஏற்றிய காய்ந்த மட்டை எனத் தரம் பிரித்து வைத்தார்கள். வேலையை முடித்துவிட்டுக் காட்டுக்குப் போய்ப் பொறுக்கி, சும்மாடு வைத்துச் சுமந்து வந்தார்கள். இதற்குக் கூலி கிடையாது. கூலி இல்லாததால் இதை வேலை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. பீனா அகர்வால் 1986இல் மூன்றாம் உலக நாடுகளின் விறகு நெருக்கடியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பெண்களின் விறகுச் சுமை பொருளாதாரப் பேச்சுக்குள் வர அத்தனை காலம் ஆயிற்று.

அதற்கு நூறாண்டுக்கு முன்பே சட்டம் அந்தச் சுமையைக் கவனித்திருந்தது, வேறு விதமாக. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டியிருந்தது. அதற்காகவே கடலோரங்களில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. காடுகள் ஒவ்வொன்றாகக் காப்புக்காடுகள் ஆயின. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் விறகு எடுப்பது குற்றம். முந்தின நாள் வரை சுள்ளி என்று பெயர் கொண்டிருந்த பொருள், காட்டின் எல்லையில் களவுப்பொருளாயிற்று. அரிவாளும் கயிறுமாகப் போன பெண் அதிகாரியின் முன் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. காட்டு உரிமைக்கான போராட்டங்களைப் படிக்கும்போது தலைவர்களின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. தலைச்சுமையோடு பிடிபட்ட பெண்களின் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

வறண்ட மாவட்டங்களின் கதை சற்று வேறு. 1870களில் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதிக்கு விறகு மரமாக வந்த சீமைக்கருவேலம், பிறகு இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளின் கண்மாய்களையும் தரிசுகளையும் நிறைத்தது. நீரையும் மேய்ச்சலையும் அது கெடுத்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் அதே முள்மரம்தான் கூலியும் கொடுத்தது. வெட்டிய கட்டைகளை அடுக்கி, செத்தை பரப்பி, மண்ணால் மூடித் தீ வைத்து நாள்கணக்கில் கனியவிடும் கரிமூட்டத்தில் ஆண்களோடு பெண்களும் நிற்கிறார்கள். 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்றச் சொன்னபோது நிலத்தடி நீரைப் பற்றி நிறையப் பேசினோம். மூட்டத்தின் புகையில் நின்றவர்களைப் பற்றிப் பேசியது குறைவு.

"அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு" என்ற பழமொழியை வகுப்பில் எத்தனையோ முறை கண்டித்துப் பேசியிருக்கிறேன். அதன் முதல் சொல்லையும் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். ஏன் ஊத வேண்டியிருந்தது? சுள்ளி ஈரமாக இருந்தது, காற்று போதவில்லை, தீ பிடிக்காமல் புகைந்தது. குனிந்து ஊதியவள் அந்தப் புகையை இழுத்தாள். அமெரிக்க அறிவியலாளர் கிர்க் ஸ்மித்தும் அவருடைய இந்திய சகாக்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே கருவியைப் பொருத்தி அளந்தார்கள். அந்த ஆய்வு வெளியான ஆண்டு 1983. வீட்டுக்குள் எரியும் எரிபொருளின் புகையால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆகவே அந்த அடுப்பை நான் திரும்பக் கேட்கவில்லை. விறகடுப்புச் சோற்றின் மணத்தை நினைத்து உருகுகிறவர்களில் பெரும்பாலோர் அதை ஊதியவர்கள் அல்லர்.

பிறகு எரிவாயு வந்தது. தமிழக அரசு 2006க்குப் பின் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு தந்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் பல வீடுகள் விறகுக்குத் திரும்பினாலும் நகரங்களில் சுள்ளியின் தேவை ஏறக்குறைய முடிந்துபோனது. மரங்கள் மட்டும் சருகு உதிர்ப்பதை நிறுத்தவில்லை. அடுப்பு கைவிட்ட குவியல் தெருவுக்கு வந்தது. தெருவில் அதன் பெயர் குப்பை. அதைக் கூட்டுகிற துடைப்பம் பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கிறது, அதிலும் தலித் பெண்களின் கையில். புகை சமையலறையை விட்டு வெளியேறியது. புகைக்குள் நிற்பவர் பெண் என்பது மாறவில்லை. எந்தச் சாதிப் பெண் என்பது இன்னும் கூர்மையாயிற்று.

நான் வேலைபார்த்த ஒரு கல்லூரியில் காலை ஏழு மணிக்கு வேம்பும் தூங்குமூஞ்சியும் உதிர்த்ததைக் கூட்டி விடுதியின் பின்புறம் கொளுத்துவார்கள். மாணவிகள் இருமிக்கொண்டே வகுப்புக்கு வருவார்கள். கூட்டுகிற அக்காவிடம் கேட்டேன். "கொளுத்தாம விட்டா சூப்பர்வைசர் ஏசுறாரு, கொளுத்துனா புள்ளைங்க இருமுது. வண்டியும் வரல, குழியும் வெட்டித் தரல. எங்க கொண்டுபோய்ப் போடட்டும், நீங்களே சொல்லுங்க மேடம்" என்றார். நிர்வாகத்துக்கு நானும் இரு தோழிகளும் எழுதிக் கொடுத்தோம். 'இங்கே தீ வைக்கக் கூடாது' என்று ஒரு பலகை வைத்தார்கள். வண்டி வரவில்லை. தீ சுவருக்கு அந்தப் பக்கம் போனது.

சருகுதானே, இயற்கைதானே என்று சொல்பவர்கள் உண்டு. பச்சையும் ஈரமும் கலந்த குவியல் நன்றாக எரியாது, புகையும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும், நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள்களும் பென்சீன் போன்ற நச்சுகளும் இருக்கின்றன. இன்றைய குவியலில் சருகு தனியாகவும் இருப்பதில்லை. பால் கவர், பிஸ்கட் உறை, பிளாஸ்டிக் குழாய்த் துண்டு எல்லாம் துடைப்பத்தோடு வந்துவிடுகின்றன. குளோரின் கலந்த பிளாஸ்டிக் குறைந்த சூட்டில் எரிந்தால் டையாக்சின் உண்டாகிறது. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் தடைபட்டன. அன்று புகை தலைப்புச் செய்தி ஆயிற்று. தினமும் காலையில் தெருவோரம் எழும் புகை செய்தி ஆவதில்லை.

சட்டம் இப்போது தெளிவாகத்தான் இருக்கிறது. 2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பொது இடத்தில் கழிவை எரிப்பதைத் தடுத்தன. தோட்டக் கழிவைத் தனியே சேர்த்துவைக்கச் சொன்னன. அவ்வாண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்றது. நல்லது. ஆனால் கையில் தீப்பெட்டியோடு அகப்படுபவர் யார்? 1882இல் சுள்ளி எடுத்தவள் குற்றவாளி. இன்று அதே சுள்ளியை எரித்தவள் குற்றவாளி. எடுக்கவும் எரிக்கவும் அவளை வைத்த ஏற்பாட்டின் பெயர் எந்த ரசீதிலும் வருவதில்லை.

மாற்று ஒன்றும் புதிரானதல்ல. சருகை மரத்தடியிலேயே மூடாக்காக விடலாம். குழியில் சாணத்தோடு அடுக்கி, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிப்போட்டால் சில மாதங்களில் மக்கிவிடும். கிளைகளை இயந்திரத்தில் நறுக்கினால் அவையும் சீக்கிரம் மக்கும். புரட்டுவதற்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிப் பிரிப்பதற்கும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அந்த நேரத்தை ஏற்கெனவே இருக்கிற துடைப்ப வேலையோடு சேர்த்துக் கூலியில்லாமல் கட்டிவிட்டால் சும்மாட்டுக் காலத்துக் கணக்கே திரும்பி வரும்.

அதனால் உங்கள் கல்லூரியில், குடியிருப்பில், வார்டு கூட்டத்தில் குப்பை எரிப்பைப் பற்றிப் பேச்சு வரும்போது எரிக்காதீர்கள் என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். குழி எங்கே, வண்டி எத்தனை மணிக்கு வரும், பிரிப்பவருக்கு எவ்வளவு கூலி, கையுறையும் முகக்கவசமும் யார் வாங்கித் தருவது என்று கேளுங்கள். கேட்கும் இடத்துக்குக் கூட்டுகிற பெண்ணையும் அழைத்துவந்து, அவர் உட்கார ஒரு நாற்காலி போடுங்கள். எந்த மரம் எந்த மாதம் எவ்வளவு உதிர்க்கும் என்பது அங்கிருப்பவர்களில் அவருக்குத்தான் தெரியும்.